தங்கதுரை வீட்டுச் சொட்டு நீலம்

எங்கள் ஹவுஸ் ஓனர் தங்கதுரை அண்ணன் ராமநாதபுரத்துக்காரர். சின்ன வயதில் குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்தவர். ஓசூர் சிப்காட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை. வேலையே கசிவு பார்ப்பதுதான். பம்பைத் தண்ணீருக்குள் முக்கி, காற்றை ஏற்றி, குமிழி வருகிறதா என்று பார்ப்பார். ஒரு குமிழி வந்தாலும் சிவப்புப் பெயின்ட் அடித்து ஒதுக்கிவிடுவார். "எங்கையத் தாண்டி ஒரு சொட்டு போவாது" என்பார். வாடகைக்கு வந்த நாளிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

மாடியில் அவரும் அவர் மனைவி ஜோதிமணியும். கீழே மூன்று போர்ஷன். ஒன்றில் நான், கேன்டீனில் இட்லி ஊற்றும் பாப்பம்மா, நடுவில் கவிப்ரியா குடும்பம், கடைசியில் பேச்சிலர் பையன்கள். எல்லோருக்கும் மொட்டை மாடியில் ஒரே டேங்க். ராத்திரி மோட்டார் போட்டு நிரப்பினால் மறுநாள் பூராவும் வர வேண்டும். இந்தக் கோடையில் விடியும்போதே பாதி காலி, பத்து மணிக்குக் குழாயில் காற்றுதான் வந்தது. கவிப்ரியாவுக்குக் கைக்குழந்தை. அது போதாதா? அண்ணன் நேராக அவள் வாசலுக்கு வந்து நின்றார்.

"ஏம்மா, புள்ளத் துணிய இப்பிடி அலசு அலசுன்னு அலசுனா டேங்க் தாங்குமா? ஒண்ணு தண்ணியக் கொற, இல்லன்னா வேற வீடு பாத்துக்க."

"கொறச்சுக்கறங்கண்ணா" என்றாள். அவ்வளவுதான் அவளுக்குப் பேச வரும்.

அப்போதுதான் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். புருஷன் பாலாஜிக்கு நைட் ஷிப்ட். கைக்குழந்தையோடு போனால் யார் உடனே வீடு கொடுக்கிறார்கள்? தண்ணீரைக் குறைத்துப் பார்த்தாள். அப்படியும் டேங்க் காலி. அந்த வாரமே குழந்தையை நாட்றாம்பாளையத்தில் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். தாய்ப்பால் குடிக்கிற குழந்தை. என் சமையல்கட்டில் உட்கார்ந்து, "பால் கட்டிக்கிச்சுக்கா, வலி தாங்கல" என்று அழுதாள்.

குழந்தை போன பிறகும் காலையில் குழாயில் காற்றுதான். நான் விடுவேனா? மாடிப்படி ஏறிப் போனேன்.

"கொழந்ததான் போயிடுச்சே. இப்ப யாருங்கண்ணா குடிக்கறது உங்க தண்ணிய?"

அவருக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். "அப்பக் கீழ எங்கயோ ஒழுகுது. நாளைக்கு லீவுதான், கண்டுபிடிச்சுக் காட்டுறேன். நீங்களே கூட வந்து பாருங்க பாப்பம்மா."

மறுநாள் சொட்டு நீலம் பாட்டிலோடு இறங்கினார். ஃப்ளஷ் டேங்கில் நீலத்தை விட வேண்டும், அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணக் கூடாது, கோப்பையில் நீலம் இறங்கியிருந்தால் அந்த டேங்க் ஒழுகுகிறது. கம்பெனியில் ஆள் பழக்குவது மாதிரி எங்களுக்கு வகுப்பே எடுத்தார். கீழே மூன்று கக்கூஸிலும் பார்த்தோம். கோப்பை வெள்ளை வெளேர் என்று இருந்தது.

"மேல?" என்றேன்.

"எங்க வீட்ல என்னத்துக்கு?"

"ஊத்தித்தான் பாப்பமே" என்றார் ஜோதிமணி.

அண்ணன் ஊற்றினார். அரை மணி கழித்து மூன்று பேரும் போய் எட்டிப் பார்த்தோம். கோப்பைத் தண்ணீர் முழுக்க நீலம். பின்சுவரில் நூல் மாதிரி ஒரு நீலக்கோடு, சத்தமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. போர் தண்ணீரின் உப்பு படிந்து உள்ளே ரப்பர் வாஷர் கல்லாகிப் போயிருக்கிறது. ராவும் பகலுமாக ஓடியிருக்கிறது, பக்கத்து ரூமில் படுத்திருந்தவர் காதில் விழவில்லை.

அண்ணன் கை மெதுவாக ஃப்ளஷ் பட்டனுக்குப் போயிற்று.

"கைய எடுங்கண்ணா. கவிப்ரியா வந்து பாக்கட்டும்."

கையை எடுத்தார். முகத்தில் ரத்தமே இல்லை. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் காத்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு அதை விட்டுவிட்டுப் படியில் நின்று கவிப்ரியாவைக் கூப்பிட்டேன். கவிப்ரியா வந்து குனிந்து பார்த்தாள்.

"நாந்தாம்மா" என்றார். "தண்ணி பூரா இங்கதான் போயிருக்கு. தெரியாம உன்னயப் பேசிட்டேன்."

"பரவால்லீங்கண்ணா."

அவள் இறங்கிப் போனதும், "செருப்பால அடிச்சிருந்தாக்கூடத் தேவல பாப்பம்மா" என்றார். "ஊர்ல உள்ள பம்பையெல்லாம் கழிச்சுப் போட்டேன். வெக்கமா இருக்கு." ஜோதிமணி ஃப்ளஷுக்குப் போகும் வால்வை மூடினார்.

அன்றைக்கே வாஷர் மாற்றி, ஒரு கார் பிடித்துக் கவிப்ரியாவைக் கூட்டிக்கொண்டு நாட்றாம்பாளையம் போனார். குழந்தை திரும்பி வந்தது. இப்போதெல்லாம் மாதம் பிறந்தால் நீலப் பாட்டிலை எடுத்துவிடுகிறார், முதலில் தன் வீட்டில் ஊற்றிவிட்டுத்தான் கீழே வருகிறார். என் கை, ஒரு சொட்டு என்கிற பேச்சு அடியோடு நின்றுவிட்டது.

நேற்றுக் காலை கவிப்ரியா வாசலில் குழந்தைத் துணி அலசிக்கொண்டிருந்தாள். குழாயை நூல் மாதிரித்தான் திறந்து வைத்திருந்தாள். டேங்க் நிறையத் தண்ணீர் இருப்பது அவளுக்கும் தெரியும். அண்ணன் காபி டம்ளரோடு படியிறங்கி வந்தார்.

"நல்லாத் தொறந்து விடும்மா. எவ்வளவு வேணும்னாலும் பிடி" என்று குனிந்து குழாயை முழுக்கத் திருகிவிட்டார். தண்ணீர் சத்தமாக வாளியில் விழுந்தது. மறுநொடி அவள் கை தாவி வந்து குழாயை மூடிவிட்டது.

"போதுங்கண்ணா" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல். "கொஞ்சந்தான் துணி. இதோ முடிச்சிடறேன்."

அவர் காபியைக் குடிக்காமலே மேலே போய்விட்டார்.