ராக்கம்மாவின் பசுவும் கப்பல் சோளமும்

போன ஞாயிற்றுக்கிழமை நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், ஒரு பசுவின் வயிற்றைப் பார்த்து நான் நடுங்கிப்போனேன். சிரிக்காதீர்கள்!

பசு ராக்கம்மாவுடையது. கொழுந்து பறிக்கிறவள். பசுவோ நிறைசினை. புருஷன் பெரியசாமிக்கு ஒரு பெருமை — துரை பங்களா மாடு என்ன தின்கிறதோ, தன் மாட்டுக்கும் அதே கப்பல் சோளம்தான்! மலை முழுக்கப் புல் கிடக்கிறது. அதை அறுத்துப் போட்டால் கௌரவம் குறைந்துவிடுமாம்...

இந்தத் தடவை கப்பல் வரவில்லை. கடையில் சோளம் இல்லை. ராக்கம்மாதான் வேலை விட்டு வந்து, புல் அறுத்துப் போட்டு மாட்டைக் காப்பாற்றியிருக்கிறாள். சனிக்கிழமை சோளம் வந்து இறங்கியது. 'பாவம், வாயில்லா ஜீவன், எத்தனை நாள் ஏக்கம்!' என்று பெரியசாமி மறுநாள் காலையில் வாளி வாளியாகக் கொட்டிவிட்டார்.

நான் போனபோது இடப்பக்க வயிறு தப்பு மேளம் மாதிரி விம்மி நின்றது. வாயில் நுரை. மாட்டு டாக்டரைக் கூட்டிவர ஹட்டனுக்கு ஆள் போயிருந்தது. பஸ் கிடைத்து, அவர் வீட்டில் அகப்பட்டு, மனமிரங்கி வந்து... அதுவரை தாங்குமா?

"படுக்க விட்றாதீங்க! படுத்தா எந்திரிக்காது!"

கத்திக்கொண்டே மூங்கில் குழாயில் நல்லெண்ணெய் புகட்டினாள் ராக்கம்மா. லயத்து வீடுகளின் ஆட்கள் முன்னால் இழுக்க, நான் பின்னால் தோள் கொடுத்தேன். என் வேட்டி போன கதியைக் கேட்காதீர்கள்.

பெரியசாமி அழுதேவிட்டார். "நல்லதுன்னு நெனச்சுத்தானே புள்ள போட்டேன்!"

"வாய மூடிக்கிட்டு வயித்தத் தேச்சு விடுங்க! மாரியாத்தா, ரெண்டு உசுரு தாயி! காப்பாத்திக் குடு, சீம்பாலு ஒனக்குத்தான்!"

மேட்டுப் பாதையில் நடத்திப் போகையில் மாட்டின் முன்னங்கால் மடிந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. எல்லாருமாகத் தூக்கி நிறுத்தினோம். அந்தக் குலுக்கலில்தானோ என்னவோ — நீளமாக ஓர் ஏப்பம்! அப்புறம் இன்னொன்று! ராக்கம்மா மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மினாள். டாக்டர் வந்து பார்த்து, கன்றுக்கும் பயமில்லை என்றார்.

பயம் போனதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மலை நெறையப் புல்ல வச்சுக்கிட்டு, கப்பல் வருமான்னு பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கீங்களே! கப்பல நம்பி யாராச்சும் வயிறு வளப்பாங்களா?" என்று பெரியசாமியை ஒரு பிடி பிடித்தேன்.

ராக்கம்மா சுடச்சுட ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கொண்டுவந்து வைத்தாள். நல்ல பசி. இரண்டு வாய் விழுங்கியிருப்பேன்.

"வயிறாரச் சாப்புடுங்கய்யா," என்றாள். "இதுவும் கப்பல்ல வந்த மாவுதாங்க."