பதினேழாம் அறையின் சிவப்புப் பூட்டு

ஈஞ்சக்கல் பைபாஸ் பக்கம் ஒரு பழைய கொப்பரைக் கிடங்கு இருக்கிறது. ஹரிகுமார் என்பவர் அதை வாங்கி, உள்ளே தகரத்தால் தடுத்து, அறுபத்திரண்டு சின்ன அறைகளாக்கி, வீட்டில் வைக்க இடமில்லாத சாமான்களைப் போட்டுவைக்க மாத வாடகைக்கு விட்டிருக்கிறார். வாசலில் செல்ஃப் ஸ்டோரேஜ் என்று போர்டு. சாலை என்கிற பழைய கடைத்தெருவின் பஜார்க்காரர்களுக்கு அது இன்னும் கொப்பரைக் கிடங்குதான். ஆறு வருஷமாக அதன் மேனேஜர் கௌசல்யா.

கௌசல்யாவின் அப்பா வள்ளியூரிலிருந்து சாலைக்கு மூட்டை தூக்க வந்தவர். அவள் பிறந்ததும் படித்ததும் இங்கேதான். நாற்பத்தாறு வயது, சற்றே கனத்த உடம்பு, வலது முட்டியில் தேய்மானம். ஜவுளிக்கடையில் பதினைந்து வருஷம் நின்றே வேலை பார்த்ததில் வந்த முட்டி அது. கிடங்கில்தான் முதன்முதலாக அவளுக்கென்று ஒரு நாற்காலி கிடைத்தது. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் அஸ்வதி நர்சிங் மூன்றாம் வருஷம். அந்த நாற்காலியை நம்பித்தான் வீடே ஓடியது.

நான் அங்கே பதினான்காம் அறையை எடுத்திருக்கிறேன். மாமியாரின் இரண்டு பீரோக்களும் ஒரு தையல் மெஷினும் உள்ளே இருக்கின்றன. விற்கவும் மாட்டேன், வீட்டில் வைக்கவும் மாட்டேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று முதல் நாளே கௌசல்யா சொல்லிவிட்டாள். மூன்றாம் அறையில் ஒரு மனிதர் பத்தொன்பது சீலிங் ஃபேன்களை வைத்திருக்கிறாராம். ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காத இரண்டு கட்சிகளின் தேர்தல் பலகைகள் அடுத்தடுத்த அறைகளில் சாய்ந்துகிடக்கின்றனவாம்.

அறை காட்டும்போதே சரித்திரமும் சொல்வாள். முதலாளி துபாயில் பார்த்துவிட்டு வந்து சொன்னது கொஞ்சம், அவளே போனில் தேடிப் படித்தது மிச்சம். வெள்ளைக்காரர் காலத்தில் லண்டனை விட்டு நெடும்பயணம் போனவர்கள், வீட்டுச் சாமானைப் பத்திரமாக விட்டுப்போக வங்கிக்காரர்களைக் கேட்டார்களாம். வங்கியில் இடம் போதாமல் தனிக் கிடங்குகள் வந்தன. ஆனால் அங்கெல்லாம் சாவி கிடங்குக்காரன் கையில். 1960களில் அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கம் எண்ணெய் வயலில் வேலை பார்த்த ஒருவர், தன் மீன்பிடிச் சாமான்களை வைக்க இடமில்லாமல், வரிசையாகக் கதவு வைத்த அறைகளைக் கட்டி ஊராருக்கும் வாடகைக்கு விட்டார். இந்தத் தொழில் வளர்ந்தது அங்கிருந்துதான் என்பாள். இன்றைக்கு அந்த நாட்டில் பத்து வீட்டுக்கு ஒரு வீடு இப்படி அறை எடுத்திருக்கிறதாம். மனிதர்கள் அறை எடுப்பதற்குச் சாவு, விவாகரத்து, ஊர்மாற்றம், சின்ன வீட்டுக்குப் போவது என்று நான்கு காரணம் சொல்கிறார்கள். “அஞ்சாவது காரணம் நம்ம ஊர்ல உண்டு அக்கா. பொங்காலைப் பானை” என்பாள்.

அது உண்மைதான். ஆற்றுகால் கோவில் அம்மனுக்காகப் பெண்கள் தெருவெங்கும் அடுப்பு மூட்டிப் பொங்கலிடும் பொங்காலைக்கு வாங்கிய உருளியையும் செம்புப் பானையையும் ஃபிளாட்டில் வைக்க யாருக்கு இடமிருக்கிறது? வருஷத்தில் ஒருநாள் வெளியே வரும் பாத்திரத்துக்குப் பன்னிரண்டு மாதம் வாடகை கொடுக்கிறோம். புத்திசாலிகள்தான்.

இந்தத் தொழிலின் உயிர் பூட்டில் இருக்கிறது. அறை எடுத்தவர் தன் பூட்டைத் தானே கொண்டுவர வேண்டும். சாவி அவரிடம் மட்டுமே இருக்கும். மேனேஜர்கூட உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. யாராவது பூட்ட மறந்துவிட்டுப் போனால், கௌசல்யா ஷட்டரைத் திறக்காமலேயே கொண்டியில் கிடங்கின் சிவப்புப் பூட்டை மாட்டி, அவருக்குப் போன் செய்வாள். எல்லாச் சிவப்புப் பூட்டுக்கும் ஒரே சாவிதான், அதில் இரண்டு உண்டு. ஒன்று அவள் இடுப்பில், மற்றது முதலாளியிடம்.

போன வருஷம் பொங்காலையன்று காலை எட்டு மணிக்கே கிடங்கில் திருவிழாக் கூட்டம். குளித்து, கோடிச் சேலை கட்டி, பானையை எடுக்க வந்த பெண்கள் அவரவர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பொங்காலைக்கு வெறுங்காலோடுதானே போக வேண்டும் என்று அப்படியே கிளம்பிப் போனார்கள். நானும் அப்படித்தான் போனேன். ஒன்பதரைக்குக் கௌசல்யா நடைபாதை முழுக்க நடந்து, கிடந்த செருப்புகளை எல்லாம் பொறுக்கி ஓர் அட்டைப்பெட்டியில் போட்டாள். பூட்டாமல் விட்ட ஐந்து அறைகளுக்குச் சிவப்புப் பூட்டு மாட்டினாள், போன் செய்வதைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். மெயின் சுவிட்சை அணைத்தாள். காவலாளிக்கு அன்று லீவு. கேட்டைப் பூட்டிவிட்டு மணக்காட்டில் நான் பிடித்துவைத்திருந்த இடத்துக்கு வந்து சேர்ந்தாள்.

பத்தே காலுக்குக் கோவிலில் முதல் அடுப்பான பண்டார அடுப்பைப் பற்றவைத்த செய்தி ஒலிபெருக்கியில் வந்தது. ஊரே ஒரே நேரத்தில் புகைந்தது. கண்ணெரிச்சலில் அழுதுகொண்டே சிரித்தோம். பதினோரு மணி வாக்கில் எங்கள் இரண்டு பானையும் பொங்கின. மதியத்துக்குமேல் பூசாரி வந்து பானைகளில் நிவேத்தியத் தீர்த்தம் தெளிக்கும்வரை அடுப்பை விட்டு எழுந்து போகக் கூடாது. கௌசல்யாவுக்கு அது பதினொன்றாவது பொங்காலை. ஒருமுறைகூட எழுந்து போனதில்லை.

லட்சக்கணக்கான பெண்கள் கூடிய இடத்தில் போன் என்பது வெறும் கடிகாரம். பதினொன்று நாற்பதுக்கு அவளுடைய போன் திடீரென்று உயிர்பெற்று, தொடர்ந்து டிங் டிங் என்றது. எல்லாம் தவறிய அழைப்புகளின் அறிவிப்பு. எடுத்துப் பார்த்தவளின் முகம் மாறியது.

“யாரு கௌசல்யா?”

“வேல்சாமி அண்ணாச்சி. ஒம்பது தடவை கூப்பிட்டிருக்காரு. ஒம்பது ஐம்பதுக்கு முதல் கால். பத்து நாற்பதுக்குக் கடைசி. அப்புறம் ஒண்ணும் இல்ல.”

திரும்பக் கூப்பிட்டாள். போன் அணைக்கப்பட்டிருந்தது.

வேல்சாமி யார் என்று எனக்குத் தெரியாது. அப்போதுதான் சொன்னாள். தென்காசிக்காரர், ஐம்பத்திரண்டு வயது, இங்கே கோட்டை பக்கம் ஓர் ஓட்டலில் ராத்திரி ஷிஃப்ட் பரோட்டா மாஸ்டர். மனைவி இறந்தபின் வாடகை வீட்டைக் காலிசெய்யச் சொல்லிவிட்டார்கள். கட்டிலையும் பீரோவையும் பதினேழாம் அறையில் போட்டார். பிறகு ஒருநாள், பகலில் நான்கு மணி நேரம் அந்தக் கட்டிலிலேயே படுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். அறையில் ஆள் தங்கக் கூடாது என்பது கிடங்கின் முதல் விதி. கௌசல்யா சரி என்றுவிட்டாள். ஐந்து மாதமாக அவர் அங்கேதான் தூங்குகிறார். ஷட்டரை முக்கால்வாசி இறக்கினால் நடைபாதையில் போகிறவர்கள் பார்ப்பார்கள் என்று முழுவதும் இறக்கிவிடுவார். உள்ளே இருப்பதற்கு அடையாளமாகச் செருப்பை வாசலில் விடுவார். இது அவர்கள் இருவருக்குள் இருந்த ஏற்பாடு.

“இன்னைக்குப் பத்து மணிக்கு மூடிருவேன், வராதீங்கன்னு நேத்தே சொன்னேன் அக்கா. கூட்டுக்காரன் ரூம்ல படுத்துக்கிடுதேன்னாரு.”

“அப்ப அங்கதான் இருப்பாரு.”

அவள் போனை மடியில் வைத்தாள். அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கறுப்பு ரப்பர் செருப்பு. வார் அறுந்து கம்பி போட்டுக் கட்டியிருக்கும். காலையில என் கையால எடுத்துப் பெட்டியில போட்டேன் அக்கா. பொம்பளைங்க செருப்போட செருப்பா, பார்க்காமலே போட்டேன். பூட்டையும் அப்படித்தான், எந்த நம்பர்னு பார்க்காமலே மாட்டினேன்.”

கும்ப மாத வெயில். மேலே தகரம், எலிக்குப் பயந்து அறைக்கூரையிலும் தகரம். மெயினை அணைத்ததால் நடைபாதையின் காற்றாடிகளும் நின்றிருக்கும். நான் முப்பது வருஷம் ஆஸ்பத்திரி லேபில் இருந்தவள். சூடு ஒரு மனிதனை எத்தனை மணி நேரத்தில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

“முதலாளிக்குப் போன் போடு. அவர்கிட்டேயும் சாவி இருக்குல்லா?”

“சாருக்கு மட்டும் வேண்டாம்.” என் கையைப் பிடித்துக்கொண்டாள். “விஷயம் தெரிஞ்சா அன்னைக்கே என்னை வெளிய விட்டுருவாரு. அஸ்வதிக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு. நான் ஓடிப் போய்த் திறந்துருதேன். யாருக்கும் தெரிய வேண்டாம்.”

ஓர் உயிர் ஊசலாடும்போது வேலையைப் பற்றிப் பேசுகிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. வாக்குவாதம் பண்ண நேரமில்லை. தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட 101ஐ அழுத்தினேன். மூன்று முறையும் லைன் போகவில்லை. அடுத்த அடுப்பு சுப்ரியாவிடம், ஓர் ஆள் அறைக்குள் மாட்டிக்கொண்டார், போக வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

“சேச்சி போயிக்கோ. ரண்டு கலவும் ஞான் நோக்கிக்கோளாம்” என்று மலையாளத்தில் சொல்லி, எங்கள் இரண்டு பானையையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். கௌசல்யா ஏற்கெனவே எழுந்து நடந்திருந்தாள்.

மணக்காட்டிலிருந்து கிடங்குக்கு இரண்டு கிலோமீட்டர்தான் இருக்கும். அன்று அதில் கால் வைக்க இடமில்லை. வரிசை வரிசையாகச் செங்கல் அடுப்பு, இடையில் ஓர் அடி சந்து, அதிலும் முறமும் விறகும் உட்கார்ந்திருக்கும் பெண்களும். தார்ச்சாலை வெறுங்காலைப் பொசுக்கியது. கௌசல்யா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முட்டி வலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து ஓடினாள். கண்டபடி திட்டினார்கள். பானை தட்டிவிடப் பார்த்தாயே என்று ஒருத்தி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். இவள் கும்பிட்டுவிட்டு ஓடினாள். ஸ்ரீவராகத்தில் தெருவை அடைத்துக் கயிறு கட்டியிருந்தார்கள். சுற்றிப் போகச் சொன்ன தொண்டர்களை அவள் பார்க்கவே இல்லை. கயிற்றுக்கு அடியில் குனிந்து நுழைந்தாள். நான் பின்னாலேயே நுழைந்தேன். வழியெல்லாம் அவள் வாய் ஒரே எண்ணைத்தான் சொன்னது. பத்து நாற்பது, பத்து நாற்பது.

கிடங்கை அடையும்போது மணி பன்னிரண்டு இருபத்தைந்து. கேட் பூட்டியபடியே இருந்தது. உள்ளே நுழைந்ததும் அனல் முகத்தில் அடித்தது. மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டு நடைபாதையில் ஓடினாள். பதினேழாம் அறைக் கொண்டியில் சிவப்புப் பூட்டு தொங்கியது. “அண்ணாச்சி, அண்ணாச்சி” என்று தகரத்தைத் தட்டினாள். உள்ளே சத்தமில்லை. சாவி இரண்டு முறை கீழே விழுந்தது. நான் வாங்கித் திறந்தேன்.

வேல்சாமி கட்டிலில் இல்லை. சட்டையில்லாமல், சிமெண்டுத் தரையில் ஷட்டர் இடுக்கை ஒட்டி, வாயைத் தரையோடு வைத்துக் குப்புறக் கிடந்தார். அந்த இடுக்கு வழியாக வந்த காற்றைத்தான் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். கழுத்தில் கை வைத்தேன். நாடி வேகமாக, மெல்லிய நூலாக ஓடியது. அவரை நடைபாதைக் காற்றாடிக்குக் கீழே இழுத்தோம். ஆபீசில் இருந்த தண்ணீர் முழுவதையும் தலையிலும் நெஞ்சிலும் ஊற்றினோம். ஈரத்துணியை அக்குளில் வைத்தேன். இங்கே சிக்னல் இருந்தது. 108 உடனே எடுத்தார்கள். பைபாஸ் வழியாக வந்துவிடுவோம், பதினைந்து நிமிஷம் என்றார்கள்.

கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தார். உப்புப் போட்ட தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தேன். நான்காவது ஸ்பூனுக்குப் பிறகு பேச்சு வந்தது. கூட்டாளியின் அறையில் பொங்காலைக்கு வந்த பெண்கள் நிறைந்திருந்ததால், வேறு போக்கிடமில்லாமல் இங்கே வந்ததாகச் சொன்னார். கேட்டைப் பூட்டுகிற சத்தத்தில்தான் விழித்தாராம். அவர் எழுந்து கதவைத் தட்டுவதற்குள் கௌசல்யா போய்விட்டாளாம். பத்து நாற்பதோடு போனில் சார்ஜும் தீர்ந்துவிட்டதாம்.

கௌசல்யா அவர் காலடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். “மன்னிச்சிருங்க அண்ணாச்சி. ஆள் இல்லைன்னு நினைச்சுட்டேன்.”

“அழாதீங்க மேனேஜரம்மா. ஒங்களுக்கு ஒண்ணும் வராது.” அவர் குரல் தொண்டையிலேயே நின்று நின்று வந்தது. “ஹரிகுமார் சார் வந்தாவ. இப்பத்தான், கொஞ்சம் முன்னால. கூட ரெண்டு பேரு. தொண்டர்களுக்குக் குடுக்கத் தண்ணி கேன் எடுத்துக்கிட்டு இந்த வழியாத்தான் போனாவ. என் கதவுகிட்ட நின்னுதான் போன் பேசினாவ.”

“நீங்க கூப்பிடலையா?” என்றேன்.

“கூப்பிட்டா இந்த அம்மா வேலை போயிருமே. வாயைப் பொத்திக்கிட்டுக் கெடந்தேன்.”

மணக்காட்டிலிருந்தே ஒரு போன் போட்டிருந்தால், அது போயிருந்தால், சாவியோடு இந்தக் கதவுக்கு முன்னால் நின்ற மனிதர் அரை நிமிஷத்தில் திறந்திருப்பார். நாங்கள் அடுப்புகளைத் தாண்டித் தாண்டி ஓடிய நேரத்தில் இது நடந்திருக்கிறது. அதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கௌசல்யாவுக்கே புரிந்துவிட்டது. அவள் அழுகை சட்டென்று நின்றது.

“என் வேலைக்காக நீங்க செத்துருப்பீங்க” என்றாள். அவர் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். “நானும் அதுக்காகத்தான் அவருக்குச் சொல்லாம ஓடி வந்தேன் அண்ணாச்சி. ரெண்டு பேருமா சேர்ந்து உங்களைக் கொல்லப் பார்த்தோம்.”

வெளியே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. நான் கேட்டைத் திறக்க எழுந்தேன். ஸ்ட்ரெச்சர் வருவதற்குள் அவரை அவசரமாகப் பெஞ்சுக்கு மாற்றிவிட்டு, பதினேழாம் அறையின் ஷட்டரை இறக்கிவிட்டால் போதும், வெயிலில் மயங்கி விழுந்த வழிப்போக்கர் என்று சொல்லிவிடலாம் என்ற யோசனை எனக்கு வந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் வந்தது. கௌசல்யாவைப் பார்த்தேன். அவள் போனைக் காதில் வைத்திருந்தாள்.

“சார், கௌசல்யாவாக்கும். பதினேழாம் அறையில ஒரு ஆளு அஞ்சு மாசமா தங்கியிருந்தாரு. நாந்தான் தங்க வச்சேன். இன்னைக்கு அவரை உள்ள வச்சுப் பூட்டினதும் நாந்தான். உயிர் இருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறோம். நீங்க அங்க வாங்க சார், சாவியை உங்க கையில குடுத்துருதேன். நானும் அவர்கூட வண்டியில ஏறணும்.”