அவன் போகலாமா என்று நாங்கள் முடிவு செய்த விதம்

விருத்தாசலத்தில் கூடைப்பந்து பார்க்க வருகிறவர்கள் முப்பது நாற்பது பேர்தான். கிரிக்கெட் என்றால் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் பைக்கில் வந்து இறங்குவார்கள். எங்கள் ஆட்டத்துக்கு அப்படியெல்லாம் கிடையாது. ஆட்கள் குறைவு என்பதாலேயோ என்னவோ, எங்களுக்கு எங்கள் டீம் மேல் ஒரு வெறி. அதை அன்பு என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் ஆடுகிறவன் இல்லை. ஸ்கோர் எழுதுகிறவன். பள்ளிக்கூட நாளில் இரண்டு வருஷம் ஆடிவிட்டு, உயரம் போதாமல் மேஜைக்கு வந்துவிட்டேன். பிழைப்புக்கு ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை. சூளையிலிருந்து வருகிற, மின்சாரப் பெட்டிக்கான ஃபியூஸ் கேரியர்களில் விரிசல் விட்டதையும் நெளிந்ததையும் பிரித்துப் போட வேண்டும். எங்கள் டீமின் பெரிய ஆட்டக்காரனும் அதே கம்பெனியில்தான் இருந்தான். இருபத்தைந்து வயது. சூளை வண்டியில் சரக்கு அடுக்குகிற வேலை. மற்றவர்கள் ஸ்டூல் போட்டு ஏறி வைக்கிற மேல் தட்டில் அவன் தரையில் நின்றபடியே வைப்பான். அதிகம் பேசமாட்டான். என்னை அண்ணே என்பான்.

போன வருஷம் கடலூரில் நடந்த ஒரு போட்டியில் அவன் ஆட்டத்தைச் சென்னை டீம் ஒன்றின் கோச் பார்த்தார். பத்து நாள் முகாமுக்கு வரச் சொன்னார். தேறினால் டீமில் இடம், கூடவே ஆபீஸ் வேலை. ஸ்கோர் மேஜையில் இருந்த என்னிடம் வந்து, அவன் பழைய ஆட்டங்களின் கணக்கையெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லித் தன் நம்பரைக் கொடுத்தார். அன்று இரவே அனுப்பிவிட்டேன். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாளே மைதானத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. அவன் போகலாமா, கூடாதா. போகக் கூடாது என்றவர்களுக்குத் தலைவன் என் மச்சினன், என் மனைவியின் தம்பி. பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறான். எங்கள் வாட்ஸப் குரூப்பும் அவன் ஆரம்பித்ததுதான்.

"இவன் போயிட்டா நம்ம டீமு அவ்ளோதான் மாமா. இந்த மண்ணுலதான ஆடக் கத்துக்கிட்டான்? பெரிய ஆளானதும் கழட்டி வுட்டுட்டுப் போயிடுவானா?"

போகட்டும் என்றவர்களும் அவனுக்காகப் பேசவில்லை. "போவட்டும்டா. டிவில வந்தான்னா நம்ம ஊரு பேரு வரும். நம்ம பையன்னு சொல்லிக்கலாம்ல" என்றார்கள். அவனுக்கு என்ன வேண்டும் என்று இரண்டு பக்கத்திலும் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. குரூப்பில் யாரோ "ஊரை விட்டுப் போவது துரோகம்" என்று போட்டபோது அதற்குக் கட்டைவிரல் போட்டவர்களில் நானும் ஒருவன்.

ஒரு சாயங்காலம் அவனே டீ குடிக்க வந்து நின்றான். பேச்சு நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. அவனை வைத்துக்கொண்டே பேசினார்கள். ஒருவர் குனிந்து அவன் முட்டியை அமுக்கிப் பார்த்து, "இன்னும் அஞ்சு வருசம் தாங்கும். அதுக்குள்ள நமக்கு நாலு கப்பாவது அடிச்சுக் குடுத்துட்டுப் போவட்டும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவன் டம்ளரைப் பார்த்துக்கொண்டே நின்றான். 

கம்மாபுரத்திலிருந்து வருகிற விவசாயி ஒருவர் மட்டும் வேறு மாதிரி பேசினார். நிலக்கரிச் சுரங்கத்துக்காக அவர் நிலத்தைக் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. "எங்களப் போங்கடாங்கறாங்க, நாங்க போவமாட்டோங்கறோம். இந்தப் புள்ள போறேங்குது, நீங்க வுடமாட்டேங்கறீங்க. இருக்கறவன், போறவன் ரெண்டு பேருகிட்டயும் யாரும் ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களாப்பா?" என்றார். "பெரியவரே, அது வேற, இது வேற" என்று என் மச்சினன் வாயை அடைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவர் டீக்கடைப் பக்கம் வரவில்லை.

அடுத்த வாரம் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அவன் படம் பெரிதாக, சுற்றிலும் மச்சினன் கூட்டத்தின் படங்கள் சின்னச் சின்னதாக. "எங்கள் சிங்கம் எங்கும் போகாது" என்று எழுதியிருந்தது. அவன் அப்படி யாரிடமும் சொல்லவில்லை. பிறகு ஐந்தாறு பேர் சேர்ந்து அவன் வீட்டுக்குப் போனார்கள். மச்சினன் கூப்பிட்டதால் நானும் போனேன். அவன் அம்மா மட்டும் இருந்தார். அவரும் ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியில் வர்ணம் அடிக்கிறவர். விரல் இடுக்கெல்லாம் நீலம் ஒட்டியிருந்தது. எங்களில் ஒருவன் சட்டென்று அந்த அம்மாவின் காலில் விழுந்தான்.

"நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கம்மா. நீங்க சொன்னா கேப்பான்."

"எந்திரிப்பா, இதெல்லாம் என்னா? அவன் வூட்ல இல்ல. எதுவா இருந்தாலும் அவன்கிட்டயே கேளுங்க" என்று அந்த அம்மா பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். ஒருவன் அதை வீடியோ எடுத்து, வெளியே வருவதற்குள் குரூப்பில் போட்டுவிட்டான். நான் வாசலிலேயே நின்றிருந்தேன். உள்ளே போகாததை ஒரு யோக்கியதை மாதிரி மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

இரண்டு நாள் கழித்து மச்சினன் போன் செய்தான். "மாமா, அந்தக் கோச்சு நம்பரு இருக்குதுல்ல? நம்ம டோர்னமெண்டுக்கு சீஃப் கெஸ்டாக் கூப்புடலாம்னு இருக்கேன்" என்றான். அதில் ஏதோ சரியில்லை என்று எனக்குத் தோன்றியது. தோன்றியும் அனுப்பினேன். மறுத்தால் வீட்டில் பேச்சு வரும், டீக்கடையில் கேலி வரும். அவ்வளவுதான் காரணம்.

முகாமுக்குக் கிளம்ப நான்கு நாள் இருந்தபோது, சாப்பாட்டு நேரத்தில் அவன் என்னிடம் வந்தான். உடம்பெல்லாம் வெள்ளைத் தூசி.

"அண்ணே, கோச்சு வராதன்னு சொல்லிட்டாரு. எனக்கு முட்டி போச்சாம், ஊசி போட்டுக்கிட்டுதான் ஆடறனாம். ஊர்லேர்ந்து யாரோ போன் பண்ணி சொல்லியிருக்காங்க. அவுரு நம்பரு என்னய வுட்டா உங்ககிட்டதான இருந்துச்சு?"

"எனக்கு ஒன்னும் தெரியாதுப்பா" என்றேன். அவன் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சூளைப் பக்கம் போனான்.

அன்று சாயங்காலம் டீக்கடையில் ஒரே கொண்டாட்டம். யாருக்கும் சந்தேகம் வேண்டாம் என்று என் மச்சினன் தானே சொல்லிவிட்டான். "நான்தான் போன் அடிச்சேன். நல்லதுக்குத்தான். ஒரு பொய்யி, ஊருக்காக" என்று சொல்லி, கோச் எப்படிப் பேசினார் என்று அவர் குரலில் நடித்துக் காட்டினான். முதுகில் தட்டினார்கள். போகட்டும் என்று வாதாடியவர்கள்கூடச் சிரித்தார்கள். "அவனுக்குச் சென்னை வேல போயிடுச்சேடா" என்று நான் சொன்னதற்கு, "இங்க வேல இருக்குதுல்ல மாமா, அப்புறம் என்னா?" என்றான். அந்த டீயைச் சாக்கடையில் கொட்டிவிட்டு வந்தேன். ஆனால் அங்கே எல்லார் முன்னாலும் வாயைத் திறந்து நாலு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் காலை கம்பெனி கேட்டிலேயே அவனை நிறுத்திச் சொன்னேன். நம்பரைக் கொடுத்தது நான்தான், சந்தேகம் வந்தும் கொடுத்தேன், நேற்று பொய் சொன்னேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நேத்தே சொல்லியிருந்தா ராத்திரியே அவுருகிட்ட பேசியிருப்பேன்ல" என்றான். 

அவன் எதிரிலேயே கோச்சுக்குப் போன் போட்டேன். அது பொய், அவன் முட்டியில் ஒரு குறையும் இல்லை என்றேன். அவர் சலித்துக்கொண்டார். "நேத்து ஒருத்தர் பண்ணி இப்படிங்கறாரு. இன்னைக்கு நீங்க பண்ணி அப்படிங்கறீங்க. நாளைக்கு யாரு பண்ணுவீங்க? அந்த இடத்துக்கு வேற பையனுக்குச் சொல்லியாச்சு சார்" என்று வைத்துவிட்டார்.

அந்த மாதமே அவன் எங்கள் டீமிலிருந்து விலகினான். சேத்தியாத்தோப்பு டீமில் ஆடப் போனான். வேலை முடிந்ததும் பஸ் பிடித்துப் பயிற்சிக்குப் போய்விட்டு வருவான். டீக்கடையில் கூடுகிறவர்களுக்கு இதைத் தாங்க முடியவில்லை. சென்னைக்குப் போயிருந்தால்கூட மன்னித்திருப்பார்கள் போலிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த டீம் எங்கள் மைதானத்துக்கு ஆட வந்தது. நான் ஸ்கோர் மேஜையில் இருந்தேன். அவன் பந்தைத் தொட்டதுமே ஆரம்பித்தார்கள். "நொண்டி! நொண்டி! ஊசி போட்டியா?" அந்தப் பொய்யை இட்டுக்கட்டிய என் மச்சினன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினான். மச்சினன் முகத்தில் விளையாட்டே இல்லை. நிஜமாகவே அவனுக்கு முட்டி போய்விட்டது என்று நம்புகிறவன் முகம் அது. தான் சொன்ன பொய்யைத் தானே நம்ப ஆரம்பித்துவிட்டான். அதைப் பார்த்தபோது வந்த அருவருப்பு மாதிரி எனக்கு வாழ்க்கையில் எதன் மேலும் வந்ததில்லை. மூன்றாவது கால்பகுதியில் எங்கள் பழைய ஆட்டக்காரன் வழுக்கி விழுந்தான். எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது. கை தட்டினார்கள். ஃப்ளெக்ஸில் அவனைச் சுற்றிச் சிரித்துக்கொண்டிருந்த அதே முகங்கள்.

அவன் எழுந்தான். ஆடினான். அவன் டீம்தான் ஜெயித்தது. ஆட்டம் முடிந்து கை கொடுக்கும்போது எங்கள் ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் அவனுக்குக் கை கொடுக்காமல் தாண்டிப் போனார்கள். நான் மேஜையை விட்டு எழுந்து போய்க் கையை நீட்டினேன். பிடித்தான். ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை.

குரூப்பிலிருந்து அன்றே வெளியேறினேன். மச்சினனோடு பேச்சு நின்றுபோனது. "ஒரு பந்தாட்டத்துக்கு என் தம்பிய வெட்டி வுடுவீங்களா?" என்று மனைவி கேட்டாள். பந்தாட்டம் இல்லை என்று அவளுக்கு விளக்கிப் பார்த்தேன். நம்பரைக் கொடுத்தது நான்தான் என்பதை அவள் ஞாபகப்படுத்தினாள்.

இந்த ஆனி மாதம் அவன் திடீரென்று வேலைக்கு வரவில்லை. மூன்று நாள் பார்த்துவிட்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா கதவைப் பாதி திறந்து நின்றார்.

"ஒரு டீமுல எடுத்துட்டாங்கப்பா, போயிட்டான்."

"எந்த ஊருங்கம்மா?"

அந்த அம்மா தயங்கினார். "யாரு கேட்டாலும் சொல்ல வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்கான். தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்லீங்கம்மா, சொல்லாதீங்க" என்றேன். எனக்குத் தெரிந்துவிட்டால் யாராவது கேட்பார்கள். கேட்டால் நான் சொல்லமாட்டேன் என்று எனக்கே நிச்சயமில்லை. போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.