கரண்ட் இல்லாத டிரம்ஸ்

அவருக்கு இசைக்குழுவில் வைத்த பட்டப்பெயர் இடி. கல்யாண வரவேற்பு, கம்பெனி ஆண்டுவிழா, கடைத் திறப்பு என்று பாதி வாழ்க்கையை டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தே கழித்தவர். அவர் பெரிய டிரம்மின் கிக் பெடலை மிதித்தால் முன்வரிசையில் தூங்குகிற பெரியவர்கூடக் கண்ணைத் திறந்து பாட்டைத் திட்டிவிட்டுத்தான் மறுபடி தூங்குவார். அப்பேர்ப்பட்ட இடிக்கு இடது காது கேட்காமல் போய்விட்டது. இந்த விஷயத்தைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை.

இடது காது போனதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஹை-ஹேட் என்கிற ஜோடித் தட்டு டிரம்ஸ்காரனுக்கு இடது பக்கம்தான் இருக்கும். ராத்திரி பகலாக அது காதோரம் சளசளத்துக்கொண்டே இருந்தால் காது என்ன செய்யும், பாவம். முதலில் ஒரு ரீங்காரம் வந்தது. அப்புறம் ரீங்காரம் மட்டும் மிஞ்சியது. மேடையில் அவர் பாடகியின் தோளைப் பார்த்து, கிடார்காரன் தட்டும் காலைப் பார்த்துச் சமாளித்தார். வீட்டில் இன்னும் சுலபமான வழி ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். இடது பக்கமிருந்து மனைவி என்ன சொன்னாலும் "சரி" என்றுவிடுவார்.

சும்மா சொல்லக்கூடாது, முக்கால்வாசி நேரம் அது பொருந்திப்போனது. ஒருநாள் கச்சேரி முடிந்து வந்து பார்த்தால் சமையலறை முழுக்கப் பாசி பிடித்த மாதிரி ஒரு பச்சை நிறம். "நீங்கதானே சரின்னீங்க" என்றாள் மனைவி. அதற்கும் சரி என்றார். கொஞ்ச நாளாக அவள் அதிகம் பேசுவதில்லை. நின்று அவர் முகத்தையே பார்த்துவிட்டுப் போகிறாள். பச்சை பிடிக்கவில்லை என்பதை முகத்தில் காட்டிவிட்டோமோ என்று நினைத்துக்கொண்டார்.

அவருடைய பயமெல்லாம் குழுவைப் பற்றித்தான். குழுவை நடத்துகிறவன் மனைவியின் தம்பி, கீபோர்டு வாசிக்கிறவன். பாஸ் கிடார் வாசித்துக்கொண்டிருந்தவருக்கு விரல் மந்தமானபோது, ஒரு சாயங்காலம் அவரை டீ குடிக்கக் கூப்பிட்டு, நலம் விசாரித்து, "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்கண்ணே" என்று தோளில் தட்டிக்கொடுத்து அனுப்பினான். அடுத்த கச்சேரியில் அவர் நாற்காலி இருந்த இடத்தில் ஒரு மெஷின் இருந்தது. அன்றிலிருந்து மச்சான் டீ குடிக்கக் கூப்பிட்டாலே இடி ஏதாவது வேலை சொல்லி நழுவிவிடுவார்.

அந்த மச்சான்தான் ஒருநாள் வந்து, "மாமா, வாத்தியக் கண்காட்சி போட்டிருக்காங்க. நம்ம சிம்பல் ஓரத்துல விரிசல் விட்டிருச்சு. நீங்களே தட்டிப் பாத்து ஒண்ணு எடுங்க" என்றான்.

சிம்பல் என்கிற அந்த வெண்கலத் தட்டைக் கண்ணால் பார்த்து வாங்க முடியாது. தட்டிவிட்டு, ஓசை எப்படி எழும்புகிறது, எவ்வளவு நேரம் நின்று அடங்குகிறது என்று காதைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். இடிக்கு அன்றே தூக்கம் போயிற்று.

கண்காட்சி மண்டபத்துக்குள் காலை வைத்ததும் அவருக்குத் தலை சுற்றியது. வந்தவர்களில் பாதிப் பேர் டிரம்ஸ்காரர்கள். டிரம்ஸ்காரனிடம் குச்சியைக் கொடுத்துவிட்டு மெதுவாகத் தட்டு என்றால் கேட்பானா? ஆளுக்கொரு தாளத்தில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். யாராவது இடது பக்கம் நின்று எதையாவது கேட்டுவிடுவார்களோ என்று இடி சுவரை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டே நடந்தார்.

சிம்பல் கடையில் தப்பித்தார். தட்டியதும் ஓரத்தில் ஒரு விரலை லேசாக வைத்தார். அதிர்வு அடங்குகிறவரை கண்ணை மூடிக்கொண்டு நின்று, "நல்லா நிக்குது" என்றார். கடைக்காரர் பயபக்தியோடு பார்த்தார். மச்சானும் தலையாட்டினான். சட்டைக்குள் வியர்வை ஓடியதை இருவரும் பார்க்கவில்லை.

திரும்பும்போதுதான் அந்தக் கண்ணாடிக் கூண்டு கண்ணில் பட்டது. காதுக்குப் பாதுகாப்பு அடைப்பான் விற்கிற கடை. கூண்டுக்குள் ஒரு நாற்காலி. வெளியே பெரிய எழுத்தில் 'இசைக் கலைஞர்களுக்கு இலவசக் காது பரிசோதனை' என்று எழுதியிருந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த ஒருவனுடைய காது எவ்வளவு கேட்கிறது என்பதைப் பெரிய திரையில் கோடு போட்டு ஊருக்கே காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க மாமா, சும்மாதானே. பாத்துட்டுப் போலாம்" என்றான் மச்சான்.

"நீ பாரு மாப்ள. நான் அந்த எலெக்ட்ரானிக் டிரம்ஸ் எப்படின்னு பாத்துட்டு வந்துடறேன்."

இதுவரை கரண்ட்டில் ஓடும் அந்த ரப்பர் டிரம்ஸை ஏறெடுத்தும் பார்க்காத மனிதர், கூண்டுக்குப் பயந்து எதிர்க் கடைக்குள் நுழைந்து அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார். கையில் கேமராவோடு ஒரு பெண் ஓடிவந்தாள். அனுபவமுள்ள டிரம்ஸ்காரர்களின் கருத்தைப் படம் எடுக்கிறார்களாம், ஐயா கொஞ்சம் வாசித்துக் காட்ட வேண்டுமாம். சொல்லிக்கொண்டே பெரிய ஹெட்ஃபோன் ஒன்றை அவர் தலையில் மாட்டிவிட்டாள். மண்டபத்து இரைச்சல் கதவைச் சாத்தியதுபோல் அடங்கியது.

நடுவிலிருந்த ஸ்நேர் டிரம்மைத் தட்டினார். ஒன்றும் இல்லை. ஓங்கித் தட்டினார். எங்கோ தூரத்தில் மெத்தையில் அடித்ததுபோல் ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். சிம்பலை அடித்தார். அதுவும் இல்லை. ஹெட்ஃபோனின் வலது பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி அடித்தார்.

வலதும் போய்விட்டது.

இப்போதுதானா, இந்த மண்டபத்திலா? காலையில் பேருந்து ஹாரன் கேட்டதே. எழுந்து ஓடலாம் என்றால் எதிரே கேமரா. அதற்குப் பின்னால், பரிசோதனைக் கூண்டை விட்டுவிட்டு இவரைப் பார்த்து வந்துகொண்டிருந்தான் மச்சான். பாஸ் கிடார்காரரின் காலி நாற்காலி ஞாபகம் வந்தது. கை மட்டும் பழக்கத்தில் தன்பாட்டுக்கு வாசித்தது. முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டி ஒரு பாட்டு முழுவதும் வாசித்து முடித்தார்.

ஹெட்ஃபோனைக் கழற்றும் முன்பே அந்தப் பெண்ணின் வாய் அசைந்தது. என்ன கேட்டிருப்பாள், சத்தம் எப்படி என்றுதான் கேட்டிருப்பாள்.

"ரொம்ப சுத்தமா இருக்கும்மா" என்றார் இடி. "சிம்பல் அப்படியே நிஜ சிம்பல்தான். ஸ்நேர்ல அந்தச் சுருக்குனு ஒரு சத்தம் வரணும் பாரு, அது இதுல இருக்கு."

மேஜைக்குப் பின்னாலிருந்து ஒயர் சுருளோடு ஒருவர் எழுந்தார். ஹெட்ஃபோனைக் கழுத்துக்கு இறக்கியிருந்த இடிக்கு அவர் சொன்னது வலது காதில் தெள்ளத்தெளிவாகக் கேட்டது.

"சார், இதுக்கு இன்னும் கரண்ட்டே குடுக்கலயே."

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். கேமராக்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். இடியும் சிரித்தார். வலது காது பிழைத்துவிட்டது என்ற நிம்மதியில் அவருக்கு அழுகைகூட வந்தது. மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. அவன் அவருடைய முகத்தைப் பார்த்தான், கழுத்தில் கிடந்த ஹெட்ஃபோனைப் பார்த்தான், பிறகு எதிரே இருந்த கண்ணாடிக் கூண்டைப் பார்த்தான்.

தெருவில் இறங்கியதும் அவருக்கு இடது பக்கம் வந்துகொண்டிருந்த மச்சான் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தான்.

"ஒண்ணுமே கேக்கலன்னு சொல்ல வேண்டியதுதானே மாமா?"

இடி கையிலிருந்த புதுச் சிம்பலை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"இடதுதானே?"

"ம்."

"நான் ஒரு சந்தேகத்துலதான் இருந்தேன். போன கச்சேரில கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்குத் தொண்ட போச்சு."

"இனிமே எப்படி மாப்ள? என்னைய விட்டுருவியா?"

மச்சான் உடனே இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "முதல்ல டாக்டர் பாக்கட்டும். அவர் என்ன சொல்றாரோ, அப்புறம் பேசலாம்" என்றான். பாஸ் கிடார்காரரிடம் பேசிய அதே குரல். "அக்காகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

வீட்டுக்கு வந்து சேரும்வரை சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தார். மனைவி சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். இடது காது அவள் பக்கம் இருக்கும்படி நின்றுவிட்டோம் என்பது அப்புறம்தான் உறைத்தது. அவள் நிமிராமலே என்னமோ சொன்னாள். சரி என்ற சொல் தொண்டை வரை வந்துவிட்டது. அதை விழுங்கினார்.

"கேக்கல" என்றார். "நீ சொன்னது கேக்கல. இந்தக் காதுல எதுவுமே கேக்கறதில்ல."

கத்தி நின்றது. "எப்பலேர்ந்து?"

அவர் சுவரைப் பார்த்தார். "இந்தப் பச்சை பெயிண்ட்டுக்கு முன்னாடிலேர்ந்து."

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஈரக் கையோடு அப்படியே நின்றாள்.

"அப்போ நான் அன்னிக்குச் சொன்னதும் கேக்கலையா?"

"என்ன சொன்னே?"

"படுத்திருக்கும்போது சொன்னேன். உங்களுக்குக் காது கேக்கலையோன்னு பயமா இருக்குங்க, நாளைக்கு டாக்டர்கிட்ட போலாமான்னு கேட்டேன். நீங்க சரின்னீங்க. மறுநாள் நான் புடவை மாத்திக்கிட்டு உக்காந்திருக்கேன், நீங்க பாட்டுக்குக் கச்சேரிக்குக் கிளம்பிப் போயிட்டீங்க. இவருக்கும் பயமா இருக்கு போல, அதான் பேச்சை எடுக்க வேணாங்கறாருன்னு நெனச்சு நானும் விட்டுட்டேன்."

இடி பயத்தை வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்திருப்பதாக நினைத்திருந்தார். அவளோ இத்தனை நாளும் அவருக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு தனியாகப் பயந்திருக்கிறாள்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அவரைச் சுற்றி வந்து வலது பக்கம் நின்றாள்.

"நாளைக்குப் போலாமா?"

"சரி" என்றார், கேட்டுவிட்டு.