சித்தப்பா கட்டிய பார்க்

எங்கள் சித்தப்பா ஒரு நகரத்தையே தூசி தட்டி வைத்தவர். இப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். வளைகுடாவில் ஒரு பெரிய பூங்காவில் அவருக்கு வேலை. குழந்தைகள் அடுக்கி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகள் இருக்கின்றனவே, ஒன்றின் தலையில் உள்ள குமிழ் இன்னொன்றின் அடியில் ‘டக்’கென்று போய் உட்காருமே, அந்தக் கட்டைகளாலேயே ஆன பூங்கா அது. யானை, கப்பல், நெருப்பு கக்கும் டிராகன் எல்லாமே கட்டைகள்தான். நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு நகரம். அதில் ரயில் ஓடும், விளக்கு எரியும். காலையில் கதவு திறப்பதற்கு முன்னால் சித்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டு அந்த நகரத்தின் தெருக்களில் ஒவ்வொரு காலாகப் பார்த்து வைத்து நடந்து, பெயிண்ட் பிரஷ்ஷால் மாடிகளில் படிந்திருக்கும் மணலைத் தட்டிவிடுவார். அந்த வீடியோவைச் சித்தி தன் போனில் வைத்திருந்தாள். பால் வாங்க வருகிறவர்கள்கூட அதைப் பார்க்காமல் திரும்ப முடியாது. “எஞ்சினியரிங் செக்‌ஷன்” என்று மட்டும் சொல்லுவாள். பிரஷ்ஷைப் பற்றிப் பேசமாட்டாள்.

நான் நான்காம் வகுப்பு படித்தபோது சித்தப்பா லீவில் வந்தார். பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில். வீட்டில் நான் ஒருத்திதான் குழந்தை என்பதால் அவர் கொண்டுவந்த கட்டைப் பெட்டி முழுக்க எனக்குத்தான். கூடத்துத் தரையில் கொட்டிவைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் வீடு கட்டுவோம், பாலம் கட்டுவோம். கண்ணால் தொடர முடியாத வேகத்தில் கட்டுவார்.

ஒன்றரை மாத லீவு முடிந்தது. இரண்டு மாதமும் ஆனது. சித்தப்பா கிளம்பவில்லை. நான் அதை ஒரு வரமாக எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. கடைவீதியில், கோயிலில், கல்யாண வீட்டுப் பந்தியில் என்று எங்கே போனாலும் அவரிடம் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். ஒருநாள் சித்தியின் அண்ணன் பலாப்பழத்தோடு வந்தார். உட்கார்ந்ததும் அதே கேள்வியைத்தான் கேட்டார்.

“மாப்ளே, எப்ப டிக்கெட்டு?”

சித்தப்பா அப்போது என்னோடு தரையில் உட்கார்ந்து ஒரு ஜன்னலைப் பொருத்திக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

“இனிமே போக வேண்டியதில்ல மச்சான். இங்கயே ஒரு பார்க் வருது. ஒரத்தநாடு பக்கம். என்னைய அங்க இருந்து பாத்துக்கச் சொல்லிட்டாங்க.”

காபி கொண்டுவந்த சித்தி நின்றுவிட்டாள். “எங்கிட்ட சொல்லவே இல்லியே?”

“நேத்துதான் போன் வந்துச்சு.”

அதற்குள் நான் கூடம் முழுக்கக் குதிக்க ஆரம்பித்திருந்தேன். “நம்ம ஊர்லயா சித்தப்பா? கட்டை பார்க்கா? நெசமாவா?” என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஆமா, நெசமாத்தான்” என்றார். ஒரத்தநாடு என்றால் தஞ்சாவூரைத் தாண்டிப் போகவேண்டும். எங்கள் ஊரிலிருந்து யாரும் சும்மா ஒரு நடை போய் எட்டிப் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரம் இல்லை. அதற்காகத்தான் அவர் அந்த ஊரைச் சொன்னார் என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தோன்றியது.

திங்கட்கிழமையிலிருந்து சித்தப்பா காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு போனார், சாயங்காலம் வந்தார். வந்ததும் காலைக்கூடக் கழுவவிடாமல் நான் பிடித்துக்கொள்வேன்.

“இன்னிக்கு என்ன கட்டுனீங்க?”

முதல் நாள் தடுமாறினார். “இன்னிக்கு... கல்லணை.”

“தண்ணி ஓடுமா?”

“ஓடாம? மதகைத் திறந்தா நாலு ஆத்துலயும் தண்ணி போகும்.”

மறுநாள் தஞ்சாவூர்ப் பெரியகோயில், ஆள் உயரத்துக்கு. அதற்கு மறுநாள் பாபநாசம் ரயில்வே ஸ்டேஷன். வயலுக்குப் பச்சைக் கட்டை போதவில்லை, ஆர்டர் போட்டிருக்கிறது. நடவு நடும் பெண்கள் நாற்பது பேர் ரெடி, ஆனால் எல்லாரும் நிமிர்ந்தே நிற்கிறார்கள், குனியவைக்க வழி தெரியவில்லை. நானும் சும்மா இருக்கவில்லை. எங்கள் ஊர் ஸ்டாப்பில் கட்டை பஸ் கட்டாயம் நின்று போகவேண்டும் என்றேன். அறுப்பு முடிந்த வயலில் மேய வாத்து வேண்டும் என்றேன்.

“எத்தனை வாத்து?”

“ஆயிரம்.”

“ஆயிரம் வாத்து செஞ்சா கம்பெனி படுத்துடும்மா. நூறு வச்சுக்குவோம்.”

இருநூறில் முடித்தோம். ஒரு நோட்டில் அதை எழுதியும் கொண்டார். சமையலறை வாசலில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருக்கும் சித்தி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள். சில சமயம் சிரிப்பாள். சில சமயம் சித்தப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இவ்வளவு பெரிய விஷயத்தை நான் வகுப்பில் சொல்லாமல் இருந்திருப்பேனா? முன் பெஞ்சுக்காரர்கள் எல்லாருக்கும் இலவச டிக்கெட் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். என் பக்கத்தில் உட்காரும் சிநேகிதி மட்டும் கடைசிவரை நம்பவில்லை.

“எங்க அப்பா மாட்டு வேலையா ஒரத்தநாட்டுக்கு அடிக்கடி போவாரு. அங்க பார்க்கும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு சொன்னாருடி.”

“ரோட்டுலயிருந்து தெரியாது. உள்ள தள்ளி இருக்கு.”

“உங்க சித்தப்பா புளுகுறாரு.”

அந்த ஒரு வார்த்தைக்காக அவளோடு ஒரு வாரம் காய் விட்டிருந்தேன்.

அப்போதுதான் அவள் வீட்டுக் கன்றுக்குட்டிக்குத் தொப்புளில் கட்டி வந்தது. உள்ளூர் டாக்டர் பார்த்துவிட்டு, ஒரத்தநாட்டுப் பெரிய மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அறுக்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமை குட்டியானை வண்டி பேசியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிநேகிதி காயைப் பழமாக்கிக்கொண்டு வந்தாள். “நானும் போறேன். நீயும் வா. பார்க்கைக் காட்டு, பாப்போம்.”

அம்மா தடை சொல்லவில்லை. காலையில் சித்தப்பா கிளம்பிப் போன பிறகுதான் கேட்டேன். அவருக்குப் போன் போட்டுப் பார்த்தாள். எடுக்கவில்லை. “வேலையா இருப்பாரு. அங்கதானே இருக்காரு, பாத்துட்டு சாயங்காலம் அவரோடயே பைக்குல வந்துடு” என்றாள். சித்தி ஒரு டப்பாவில் அதிரசம் வைத்துக் கொடுத்தாள், சித்தப்பாவோடு வேலை செய்கிறவர்களுக்கும் சேர்த்து.

முன் சீட்டில் டிரைவரோடு நாங்கள் இருவரும். பின்னால் சிநேகிதியின் அப்பா கன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார். தஞ்சாவூர் தாண்டியதிலிருந்து நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தேன். ஒரத்தநாட்டில் இறங்கியதும் ஒரு டீக்கடையில் நானே போய்க் கேட்டேன். “கட்டை பார்க்குக்கு எந்தப் பக்கம் போகணும்?”

“கட்டையா? மரக்கடையா பாப்பா?”

“இல்ல, பார்க். கல்லணை எல்லாம் கட்டியிருக்காங்களே.”

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கடையில் இருந்த மற்றவர்களைப் பார்த்தார். ஒருவர் சிரித்தார். “கல்லணை இங்க இல்லம்மா, நீ வந்த வழியிலயே திரும்பிப் போகணும்.” சிநேகிதி தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால்கூடத் தேவலை. நான் அதிரச டப்பாவை மார்போடு பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் அவர்கள் பின்னால் நடந்தேன். அழக்கூடாது என்று மட்டும் தீர்மானம்.

ஆஸ்பத்திரியில் மரத்தடியெல்லாம் மாடும் ஆடும் மனிதர்களுமாகக் கூட்டம். ஒரு எருமை ஊசிக்கு மிரண்டு முட்ட வந்துகொண்டிருந்தது. “அண்ணே, நீங்க வந்து பிடிச்சாத்தான் ஆகும்” என்று இளம் டாக்டர் யாரையோ கூப்பிட்டார். கூட்டத்திலிருந்து ஒருவர் வந்தார். எருமையின் கழுத்தோடு கழுத்தாக அணைந்து நின்று, காதருகே என்னவோ பேசி, மூக்கணாங்கயிற்றை ஒரு கையால் பிடித்தார். அது அப்படியே நின்றுவிட்டது. முழங்கைவரை சாணி. சட்டை மடிப்பெல்லாம் வைக்கோல்.

“சித்தப்பா!” என்று நான்தான் கத்தினேன்.

அவர் கயிற்றை விடவில்லை. ஊசி போட்டு முடிகிறவரை என்னைப் பார்த்தபடி அப்படியே நின்றார். சிநேகிதியின் அப்பாதான் முதலில் வாயைத் திறந்தார்.

“தம்பி... நீங்களா?”

“வாங்கண்ணே” என்றார் சித்தப்பா. 

சிநேகிதி என் கையைப் பிடித்து இழுத்தாள். “பார்க் எங்கடி?”

சித்தப்பா என்னையும் பார்த்தார், அவளையும் பார்த்தார்.  “பார்க்குல மாடெல்லாம் வைக்கணும்ல. மாடு எப்படி நிக்கும், எப்படித் திரும்பும்னு பாத்தாத்தானே கட்டையில செய்ய முடியும். அதுக்குத்தான் வந்திருக்கேன்.”

எனக்கு அது முழுக்க நியாயமாகப் பட்டது. சிநேகிதி தன் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் எங்கள் சித்தப்பாவின் சாணி படிந்த கைகளைப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “ஆமாம்மா. நானும் அப்படித்தான் கேள்விப்பட்டேன். பெரிய வேலை, நாளாகும்” என்றார். தோற்றுப்போன சிநேகிதியின் முகத்தைப் பார்த்து நான் அடைந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

கன்றுக்கு ஆபரேஷன் நடந்தபோது சித்தப்பாதான் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அதிரசத்தை டாக்டர்களும் தின்றார்கள்.

அங்கே அவர் மனுப் போட்டு வேலை வாங்கியவர் இல்லை. வளைகுடாவில் ஆள் குறைத்தபோது திருப்பி அனுப்பப்பட்டவர், வீட்டில் சொல்ல வாய் வராமல், பகல் பொழுதைத் தள்ள நிழல் தேடி அந்த மரத்தடியில் போய் உட்கார்ந்திருக்கிறார். அத்தனை கூட்டத்தில் நீ யார், எதற்கு வந்தாய் என்று கேட்க யாரும் இல்லை. இரண்டாம் நாள் யாருடைய காளையோ கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட, எழுந்து பிடித்திருக்கிறார். பிடித்த கை பிறகு சும்மா இருக்கவில்லை. இன்றைக்கு எங்கள் சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் மாடு கன்று போடத் திணறினாலும் முதல் போன் அவருக்குத்தான் போகிறது. இதெல்லாம் நான் பெரியவளான பிறகு தெரிந்துகொண்டது.

அன்று திரும்பி வரும் வழியில் வெண்ணாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் பைக்கை நிறுத்தினார். ஆற்றில் தண்ணீர் விட்டிருந்த சமயம். படியில் இறங்கிக் கையை அவ்வளவு நேரம் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். நான் மேல்படியில் நின்றிருந்தேன்.

“வீட்டுல போய் என்ன சொல்லுவ?”

“பார்க்குக்காக மாடு பாக்குறீங்கன்னு சொல்லுவேன். எருமை முட்ட வந்துச்சு, நீங்க பிடிச்சதும் நின்னுடுச்சுன்னு சொல்லுவேன். டாக்டரே உங்களை அண்ணேன்னு கூப்பிட்டாருன்னு சொல்லுவேன்.”

சித்தப்பா முகத்தையும் கழுவிக்கொண்டார். “சரி. அப்படியே சொல்லு” என்றார்.

ஒன்று விடாமல் சித்தியிடம் சொன்னேன். எருமையாக ஒருமுறை, சித்தப்பாவாக ஒருமுறை நடித்தும் காட்டினேன். சித்தி முறத்தில் இருந்த அரிசியைப் புடைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். டீக்கடையில் ஒருவர் சிரித்ததையும் சொன்னேன். அவள் பார்க்கைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

“உதைச்சிடுச்சா?” என்றாள்.

“இல்ல சித்தி.”

“மத்தியானம் சாப்பிட்டாரா?”

“எல்லாரும் சேர்ந்து மரத்தடியில சாப்பிட்டோம்.”

“அவர் கை காலெல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு?”

“கயிறு அறுத்து உள்ளங்கை செவந்திருக்கு.”

சரி என்று தலையாட்டினாள். சித்தப்பா வந்து சாப்பிட உட்கார்ந்தபோது வழக்கம்போலப் பரிமாறினாள்.  நான்தான் அவளுக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை சித்தப்பா கிளம்புகிற நேரம். சித்தி, என் அப்பா வயலுக்குப் போட்ட பழைய சட்டை ஒன்றைத் துவைத்து, கிழிந்த அக்குளைத் தைத்து, மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். அதன்மேல் ஒரு துண்டும், உள்ளங்கைக்குத் தடவச் சின்ன பாட்டிலில் தேங்காய் எண்ணெயும் இருந்தன.

“அங்க போயி இதை மாட்டிக்குங்க. நல்ல சட்டை எதுக்கு வீணாகணும்” என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கல்லணையே கட்டியவருக்கு ஒட்டுப்போட்ட சட்டையா? “பார்க் வேலைக்கு யாராவது இந்தச் சட்டையப் போட்டுக்கிட்டுப் போவாங்களா சித்தி?” என்று கத்தினேன். “மாட்டுக்குப் பழஞ்சட்டைதாண்டி பிடிக்கும்” என்றாள் அவள், என்னைப் பார்க்காமல்.

சித்தப்பா அந்தச் சட்டையை இரண்டு கையாலும் வாங்கினார். விரித்துக்கூடப் பார்க்கவில்லை. பைக்கின் பக்கத்தில் அப்படியே வெகுநேரம் நின்றிருந்தார். பாவம், அவருக்கும் அந்தச் சட்டை பிடிக்கவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.