ஐந்தருவி ஏற்றத்தில் அத்தை நிறுத்திய ஜீப்

என் பிள்ளைகளுக்கும், அத்தையின் முதல் நினைவு நாளுக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கும் வணக்கம்.

என் உடன்பிறந்த அக்காவான உங்கள் அத்தை இலஞ்சியில் பிறந்தார்கள். மாமா இளவயதிலேயே காலமான பிறகு, ஐந்தருவிக்குப் போகும் வழியில் உள்ள தோட்டத்தைத் தனியாகப் பார்த்தார்கள். எருவை மேலே ஏற்றவும், காய்களைப் பாவூர்சத்திரம் சந்தைக்குக் கொண்டுபோகவும் ஒரு பழைய ஜீப். ஓட்டுவதும் அவர்களேதான்.

அதன் டீசல் இஞ்சின் ஒருநாள் அடியோடு போயிற்று. தென்காசி மெக்கானிக் மைதீன் அண்ணாச்சி, கார்புரேட்டர் வைத்த ஒரு பெட்ரோல் இஞ்சினை மாற்றிக் கொடுத்தார். அதிலும் ஒரு வில்லங்கம். டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துத் தரும் பம்பு இஞ்சினோடு ஒட்டி, சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் இருந்தது. வெயிலில் ஏற்றம் ஏறினால் பம்பு கொதித்து, பெட்ரோல் ஏறாமல் வண்டி நின்றுவிடும். அத்தை இறங்கி ஈரத்துணி சுற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். வண்டி சரிப்படாவிட்டால் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மகனோடு சென்னைக்குப் போக வேண்டியதுதான் என்று எல்லோரும் சொன்னோம்.

அத்தையின் கொழுந்தனார் பழைய சாமான் கடையில் புது மாடல் காரின் கரண்ட் பம்பு ஒன்றை வாங்கி வந்தார். மாட்டியதும் கார்புரேட்டர் வழிந்து பெட்ரோல் தரையில் கொட்டியது.

"இவ்வளவு வேகம் இதுக்கு ஆகாது. மெதுவாத் தள்ளுத பம்பு தனியா இருக்கு" என்றார் மைதீன் அண்ணாச்சி.

"மதினி, இஞ்சின மாத்தியாச்சு, பம்ப மாத்துதிய. அடுத்து உங்களத்தான் மாத்தணும். வித்துத் தள்ளுங்க" என்றார் கொழுந்தனார்.

"எனக்கு ஸ்பேர் கிடைக்காதுய்யா. அந்த ஸ்பேனர எடும்."

மெதுவாகத் தள்ளும் பம்பையே அத்தை தேர்ந்தெடுத்தார்கள். சூடு படாமல் பின்னால் டேங்கின் பக்கம் மாட்டச் சொன்னார்கள். காலையில் ஓட்டிப் பார்க்கலாம் என்றோம்.

"குளிர்ச்சியில எந்த வண்டியும் ஏறும். உச்சி வெயில்ல ஏறட்டும்."

பங்குனி வெயிலில் எரு மூட்டைகளோடு கிளம்பினோம். பாதி ஏற்றத்தில் வண்டி நின்றது.

"போச்சா மதினி?" கொழுந்தனார் இறங்கத் தயாரானார்.

"நாந்தான் நிறுத்தினேன். நின்னாத்தான் காத்துப் படாம இஞ்சின் நல்லாச் சுடும். இருங்க."

வண்டி கொஞ்ச நேரம் வெயிலில் நின்றது. பிறகு அத்தை சாவியைத் திருப்பினார்கள். வண்டி ஒரே இழுப்பில் தோட்டத்துக்கே போய் நின்றது. அதன்பின் குத்தகைப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

கடைசி மாதங்களில் நோயோடு படுத்திருந்தபோதும், "தண்ணி பாய்ச்சியாச்சா?" என்றுதான் கேட்டார்கள். அப்போது தோட்டத்தையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்ட கொழுந்தனாருக்கும், கூப்பிட்ட போதெல்லாம் வந்த மைதீன் அண்ணாச்சிக்கும், ஆஸ்பத்திரி நர்ஸ் பிள்ளைகளுக்கும் எங்கள் நன்றி.

பிள்ளைகளே, தோட்டம் இன்றும் நம் கையில்தான் இருக்கிறது. நாளைக் காலையில் கத்தரிக்கு மண் அணைக்க வேண்டும். எல்லோரும் வாருங்கள்.