தொட்டி இருந்த சுவர்

ராஜபாளையத்தில் அண்ணன் வீட்டை வாடகைக்கு விடுவதற்காகப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறோம். பெயிண்டர் கூப்பிட்டார். "அண்ணாச்சி, இந்த எடத்துல மட்டும் பெயிண்டு நிக்க மாட்டேங்கு. உப்புப் பூத்திருக்கு."

போய்ப் பார்த்தேன். இடுப்பு உயரத்தில் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. அண்ணனின் மீன்தொட்டி இருந்த இடம்.

மதினி இறந்த பிறகு அண்ணன் ஆட்களோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். பட்டாளத்தில் கடைசியாக அந்தமானில் இருந்தவர்; மதினியும் கூடப்போய் இருந்தது அந்த ஓர் ஊரில்தான். அங்கே இருவரும் சேர்ந்து பார்த்த கோமாளி மீனில் ஒரு ஜோடியை மதுரையிலிருந்து வரவழைத்து, கடல்தண்ணீர்த் தொட்டி வைத்தார். ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை. பெரியது பெண். சின்னது ஆண், அவள் பின்னாலேயே திரியும்.

"ஒங்க மதினி கடைக்குப் போனா நான் பை தூக்கிட்டுப் போவேம்லா, அதே மாதிரிலே" என்று சிரித்தார். அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று!

எதிர்வீட்டுக்காரருக்கு வாய் சும்மா இருக்காது. "நம்மூர்க்காரன் காவலுக்கு நாய் வளப்பான். ஒங்க அண்ணன் மீனு வளக்காரு. களவாணி வந்தா மூஞ்சில கொப்பளிக்குமோ?"

என் பங்கு, சுமை தூக்குவது. தூத்துக்குடி மீன்வண்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறக்கிப்போகும் கேன்களை பஸ்ஸில் கொண்டுவருவேன்.

"என்ன அண்ணாச்சி, பதநியா?" என்பார் கண்டக்டர்.

"கடல் தண்ணி."

"குடிக்கிற தண்ணிக்கே ஊரு அல்லாடுது, நீங்க கடலச் சுமக்கீகளாக்கும்!" பஸ்ஸே சிரிக்கும். நானும்தான்.

சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் விரல் விரலாக இறங்கியது. குறைகிற அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்தார் மதுரைக் கடைக்காரர். அண்ணனுக்கு மனசு வரவில்லை. "கடல்ல பொறந்ததுக்குக் கொழாத்தண்ணியா? கொல்லவா சொல்லுதான்?" என்று, நான் சுமந்துவந்த கடலையே ஊற்றினார்.

ஒரு காலையில் பெரியது அடியில் சாய்ந்து கிடந்தது. சின்னது அதை முட்டி முட்டி எழுப்பிக்கொண்டிருந்தது.

கடைக்காரர் போனில் சொன்னார்: "ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான் சார். உப்பு அங்கேயே நிக்கும். நீங்க உப்பு மேல உப்பா ஊத்திட்டீங்க."

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது ஊருக்கே தெரிந்த சொலவடை. உப்பிலேயே கிடக்கிற உயிருக்கும் அது பொருந்தும் என்று யாருக்குத் தோன்றும், சொல்லுங்கள்?

"சின்னதா இன்னொண்ணு விடுங்க சார். இப்ப இருக்கிறது பொம்பளையா மாறி ஜோடி சேந்துக்கும்" என்றார் அவர்.

அண்ணன் போனை வைத்துவிட்டுத் தொட்டியையே பார்த்தார். "அது மாறிக்கிடும்லே. நான் என்னவா மாற?"

இன்னொன்று வாங்கவில்லை. நல்ல தண்ணீர்தான் ஊற்றினார், பார்த்துப் பார்த்து. மழைக்காலத்துக்குள் சின்னதும் போயிற்று. அடுத்த கோடைக்கு அண்ணனும் இல்லை.

"கொத்திட்டுப் புதுசாப் பூசிருவோமா?" என்றார் பெயிண்டர்.

"பூசிருங்க."

உளி பட்டதும் உப்பு மாவாக உதிர்ந்தது. கூட்டி அள்ளி வெளியே கொட்டினார்.

சாயங்காலம் வீடு பார்க்க ஓர் இளஞ்ஜோடி வந்தது. அந்தப் பெண் ஈரம் காயாத சுவரைப் பார்த்து, "இங்க பிரிட்ஜ் வச்சுக்கிடலாம்" என்றாள். பின்னாலேயே அவள் பையைத் தூக்கிக்கொண்டு வந்த புருஷன் தலையாட்டினான்.